ஆன்டி-டிபிஓ மட்டும் கூடியிருந்தால்

டி3, டி4, டிஎஸ்ஹெச் மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன. நான்காவது வரியில் மட்டும் ஆன்டி-டிபிஓ 412 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தவர்கள், முடி கொட்டுகிறதென்று தோல் மருத்துவரிடம் போனவர்கள், குழந்தைப்பேறு மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் தம்பதிகள் என்று பலர் கையிலும் இன்றைக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் டிஎஸ்ஹெச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தைராய்டு நார்மல்தாம்மா, போய்ட்டு வாங்க" என்கிறார். வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால், "உங்களுக்கு ஹாஷிமோட்டோ, இன்றே கோதுமையையும் பாலையும் நிறுத்துங்கள்" என்கிறது ஒரு குரல். மருத்துவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொன்னார். யூடியூப்காரர் சொன்னதில் நோயின் பெயர் மட்டும் ஏறக்குறையச் சரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎஸ்ஹெச்சும் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் ஏறுவது) ஃப்ரீ டி4-ம் நார்மலாக இருந்து ஆன்டி-டிபிஓ மட்டும் கூடியிருந்தால் மாத்திரை தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்த்தால் போதும். ஆன்டிபாடி எண்ணை மறுபடி பார்க்கவே வேண்டாம். கர்ப்பம், பிரசவம், சில குறிப்பிட்ட மருந்துகள் ஆகியவை வரும்போது மட்டும் கணக்கு மாறும். ஏன் இப்படி என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

சுரப்பிக்குள் நடப்பது

சாப்பாட்டில் வரும் அயோடினைப் பிடித்து, தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தின் மேல் ஒட்டவைத்து, டி3, டி4 என்ற ஹார்மோன்களாக மாற்றுவது தைராய்டு செல்லின் வேலை. அந்த ஒட்டுவேலையைச் செய்யும் நொதியின் பெயர் தைராய்டு பெராக்ஸிடேஸ், சுருக்கமாக டிபிஓ. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் நோயெதிர்ப்பு மண்டலம் சிலருக்கு இந்த நொதியையே அந்நியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் எண் அதன் அளவு.

ஆனால் சுரப்பியைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த ஆன்டிபாடிக்கு இல்லை. அதைச் செய்பவை டி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். அவை சுரப்பிக்குள் குடியேறிவிட்டன என்பதற்கான தடயமாகத்தான் ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். "ஆன்டிபாடியைக் குறைத்துக் காட்டுகிறேன்" என்று யாராவது பவுடர் விற்க வந்தால் இந்த ஒரு விவரம் ஞாபகத்தில் இருக்கட்டும். தடயத்தை அழிப்பதும் நோயைத் தடுப்பதும் ஒன்றல்ல.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஹகாரு ஹாஷிமோட்டோவுக்கு ஆன்டிபாடி பற்றி எதுவும் தெரியாது. ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைத் துறையில் இருந்தவர் அவர். நான்கு பெண்களின் தைராய்டு திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் லிம்போசைட்டுகள் கும்பலாகக் குவிந்திருப்பதை 1912-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1956-இல், லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர்தான் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். பிறகு சுரப்பியின் செல்லுக்குள் இன்னொரு இலக்கும் இருப்பது தெரியவந்தது. அது என்னவென்று புரியாத காலத்தில் அந்த ஆன்டிபாடிக்கு 'மைக்ரோசோமல் ஆன்டிபாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த இலக்கு டிபிஓ நொதிதான் என்று 1985-இல் தெரிந்தது. உங்கள் அம்மாவின் பழைய ஃபைலில் தைராய்டு மைக்ரோசோமல் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று இருந்தால், அதுவும் இதுவும் ஒன்றுதான். குடும்பத்தில் தைராய்டு உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது அதையும் சொல்லலாம்.

ஆன்டி-டிபிஓவுக்கு உறவுக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டி-டிஜி பெரும்பாலும் தைராய்டு புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களைக் கண்காணிக்கும்போது பயன்படுகிறது. மற்றவர்களுக்கு அதைத் தனியாகப் பார்ப்பதால் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. டிஎஸ்ஹெச் ஏற்பிக்கு எதிரான டிராப் என்ற ஆன்டிபாடியின் கதை வேறு. அது தைராய்டை மிகையாக்கும் கிரேவ்ஸ் நோயை உண்டாக்கும் நேரடிக் குற்றவாளி. டிஎஸ்ஹெச் தாழ்ந்திருந்தால் அதைப் பார்ப்பார்கள். உங்கள் டிஎஸ்ஹெச் நார்மல் என்றால் இந்த இரண்டையும் மறந்துவிடலாம்.

எத்தனை பேருக்கு, எத்தனை நாளில்

பெங்களூரு, சென்னை, டெல்லி, கோவா, மும்பை, ஹைதராபாத், அகமதாபாத், கொல்கத்தா என்று எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்த இந்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. ஆன்டி-டிபிஓ கூடியிருந்தவர்கள் அதில் 21.85 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல். தைராய்டு குறைவு இருந்தவர்களோ சுமார் 11 சதவீதம்தான். எந்த ஒரு கணத்தில் பார்த்தாலும் ஆன்டிபாடி உள்ளவர்களின் கூட்டம் நோயாளிகளின் கூட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பிலும் பத்தில் ஒருவருக்கு மேல் ஆன்டி-டிபிஓ இருந்தது. பெண்களில் அந்த விகிதம் ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்படியானால் இவர்களில் எத்தனை பேருக்குப் பின்னாளில் தைராய்டு குறையும்? இதற்கு நல்ல பதில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள விக்கம் என்ற ஊரிலிருந்து கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே 2,779 பெரியவர்களின் தைராய்டைப் பரிசோதித்தார்கள். அதோடு விடாமல் இருபது ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தார்கள். இப்படிப் பொறுமையாகச் செய்யும் ஆய்வு மருத்துவத்தில் அபூர்வம். தைராய்டைப் பற்றி நாம் உறுதியாகச் சொல்லும் பல விஷயங்கள் இந்த ஒரு ஊரின் ரத்தத்திலிருந்து வந்தவை.

டிஎஸ்ஹெச் நார்மலாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பேர் வீதம் தைராய்டு குறைவுக்குப் போனார்கள். டிஎஸ்ஹெச்சும் கூடி ஆன்டிபாடியும் இருந்தவர்களில் ஆண்டுக்கு 4 பேருக்குச் சற்று மேல். இருபது ஆண்டின் முடிவில் முதல் கூட்டத்தில் 27 சதவீதம் பேரும், இரண்டாவது கூட்டத்தில் 55 சதவீதம் பேரும் நோயாளிகளாகியிருந்தார்கள்.

முதல் எண்ணைத் திருப்பிப் படியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் போல ஒன்றை வைத்திருந்த நூறு பெண்களில் 73 பேருக்கு இருபது ஆண்டுகள் கழித்தும் தைராய்டு குறையவில்லை. துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானிலைச் செய்தியைக் கவனித்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். அன்றைக்கே வீட்டைக் காலி செய்வது அல்ல.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. டிஎஸ்ஹெச் 2-ஐத் தாண்டியதிலிருந்தே, அதாவது நார்மல் என்ற வரம்புக்குள் இருக்கும்போதே, பிற்கால ஆபத்து மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஆன்டிபாடி உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு டிஎஸ்ஹெச் 1.2, இன்னொருவருக்கு 3.9 என்றால் இருவரும் நார்மல்தான். ஆனால் இரண்டாமவர் வருடாந்திரப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. 412 என்ற எண்ணைவிட டிஎஸ்ஹெச் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எண்ணை எப்படிப் படிப்பது

ஆன்டி-டிபிஓவின் நார்மல் வரம்பு ஒரு கம்பெனியின் கிட்டில் 9 வரை, இன்னொன்றில் 34 வரை, வேறொன்றில் 60 வரை. தெருமுனை லேபில் 180 வந்தது, பெரிய லேபில் 95 வந்தது, அதனால் குறைந்துவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை. கிட் மாறியிருக்கும். ஒரே கிட்டில் பார்த்தாலும் இந்த எண் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். மிக உயர்ந்த எண் உள்ளவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் 400-க்கும் 900-க்கும் நடுவில் நீங்களோ மருத்துவரோ வேறுவிதமாகச் செய்யப்போவது எதுவுமில்லை. எந்த முடிவையும் மாற்றாத பரிசோதனைக்குப் பணம் கட்டுவானேன்?

டிஎஸ்ஹெச்சைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் ஏறி, பகலில் இறங்கும். காலை 7 மணிக்கு எடுத்ததையும் மதியம் 3 மணிக்கு எடுத்ததையும் ஒப்பிட்டுக் கவலைப்படக் கூடாது. வருடா வருடம் ஒரே லேபில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒரு தடவை 5.2 வந்தாலும் உடனே மாத்திரைக்கு ஓட வேண்டாம். காய்ச்சலிலிருந்து எழுந்த நேரமாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஃப்ரீ டி4-உடன் சேர்த்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்வதுதான் முறை. டி3, டி4 என்று பேக்கேஜில் வருபவை பெரும்பாலும் மொத்த அளவுகள். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அவை தானாகவே கூடுதலாகக் காட்டும். ஃப்ரீ டி4 என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

முடி கொட்டுவதற்காக பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம் அளவு. மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம்கூட இருக்கிறது, அதாவது தேவையைப் போல முந்நூறு மடங்குக்கு மேல். பல லேப் கருவிகள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடித்து அளக்க பயோட்டினையே பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் அது மிதந்துகொண்டிருந்தால் கருவி குழம்பி டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும், ஃப்ரீ டி4-ஐயும் சில சமயம் ஆன்டிபாடியையும் கூட்டியும் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். முடிக்கான கூட்டு மாத்திரைகளிலும் மல்டிவைட்டமினிலும் அது ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

"அப்படின்னா எனக்கு ஏன் இவ்வளவு அசதி?"

இந்தக் கேள்விக்காகத்தான் பலர் இந்த அத்தியாயத்தைத் திறந்திருப்பார்கள். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, எடை ஏறுகிறது, முடி கொத்தாக வருகிறது, மனசு சரியில்லை. இத்தனை நாள் எல்லாரும் "உனக்கு ஒண்ணுமில்லை" என்றார்கள். இப்போது ரிப்போர்ட்டில் ஒரு எண் கிடைத்துவிட்டது. அந்த எண்தான் காரணம் என்று நம்பத் தோன்றுவது இயல்பு. அசதியும் பொய்யில்லை.

ஆனால் ஆன்டிபாடி ரத்தத்தில் ஓடுவதாலேயே அசதி வருவதில்லை. ஹார்மோன் குறைந்தால் வரும். ஹார்மோன் குறைய ஆரம்பித்தால் முதலில் கூச்சல் போடுவது பிட்யூட்டரி சுரப்பிதான். டி4 சிறிதளவு சரிந்தாலே அது டிஎஸ்ஹெச்சைப் பல மடங்கு ஏற்றிவிடும். டிஎஸ்ஹெச் 1.8-இல் அமைதியாக இருக்கிறதென்றால், உங்கள் உடல் தனக்கு ஹார்மோன் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதற்கு அடுத்த கட்டம். தைராய்டு என்று முடிவுகட்டிவிட்டால் வேறு காரணத்தைத் தேடுவது நின்றுபோகும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைத்துப்போயிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆன்டி-டிபிஓவும் இருக்கிறது, ஹீமோகுளோபின் 9-உம் இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எதை? ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தாலும் ஃபெரிட்டின் பாருங்கள். இரும்புச்சத்தின் கையிருப்பு தீர்ந்துபோய், ஹீமோகுளோபின் இன்னும் இறங்காத நிலையிலேயே முடி கொட்டலாம், மூச்சு வாங்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி12-ஐ இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தைராய்டைத் தாக்கும் அதே நோயெதிர்ப்புக் கோளாறு சிலருக்கு இரைப்பையின் செல்களையும் தாக்கும். அப்போது சாப்பாட்டில் பி12 இருந்தாலும் குடல் அதை உறிஞ்சாது. கை கால் மரத்துப்போவது, நாக்கு வழுவழுப்பாகி எரிவது, மறதி ஆகியவை இருந்தால் பி12 கட்டாயம் பார்க்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கு வேறு வழியிலும் பி12 குறையும் என்பதால் நம் ஊரில் இது இரட்டை ஆபத்து. டைப் 1 சர்க்கரை நோய், வெண்புள்ளி, கோதுமையின் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாருக்கும் இவை எல்லாவற்றையும் தேடிப் பரிசோதிக்க வேண்டியதில்லை. அதற்குரிய அறிகுறி இருந்தால் "எனக்கு ஆன்டி-டிபிஓ பாசிட்டிவ்" என்று மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். அவர் யோசிக்கும் திசை மாறும்.

பிறகு தூக்கம். குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் தலை கனத்து எழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம். இரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்து நான்கு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறவருடைய அசதிக்கு எந்த லேபிலும் கிட் இல்லை. மனச்சோர்வு நோயும் இதே அறிகுறிகளோடுதான் வரும்; அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆன்டி-டிபிஓ ஆயிரத்தைத் தாண்டி, மாத்திரையால் ஹார்மோன் நார்மலாக இருந்தும் அறிகுறிகள் தீராத நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து நார்வேயில் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்குத் தைராய்டையே முழுதாக அகற்றினார்கள். அவர்களுடைய களைப்பு குறைந்தது. 2019-இல் வெளியான இந்த முடிவு, ஹார்மோன் அளவைத் தாண்டியும் ஏதோ நடக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏழில் ஒருவருக்குப் பின்விளைவுகள் வந்தன. தனக்கு அறுவை சிகிச்சை நடந்தது நோயாளிக்குத் தெரியும் என்பதால் மனத்தின் பங்கையும் ஒதுக்க முடியாது. இதைச் சொல்லி யாராவது உங்கள் கழுத்தில் கத்தி வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் ஏற்கெனவே தைராய்டு குறைந்து மாத்திரையில் இருந்தவர்கள். உங்கள் நிலைமை அதுவல்ல.

மாத்திரை, செலினியம், உப்பு, முட்டைக்கோஸ்

தைராக்ஸின் மாத்திரையை "முன்கூட்டியே" ஆரம்பித்தால் சுரப்பிக்கு ஓய்வு கிடைக்கும், நோய் வராது என்று சிலர் சொல்வதுண்டு. நோய் வராமல் மாத்திரை தடுக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. தேவையில்லாமல் எடுத்து அளவு கூடினால் படபடப்பும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறும், எலும்புத் தேய்மானமும் வரும். அதோடு, ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அது உண்மையில் தேவைதானா என்பதைக் கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஆயுள் முழுக்கத் தொடரும்.

செலினியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாளுக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்த பல ஆய்வுகளில் ஆன்டிபாடி எண் குறைந்திருக்கிறது. ஆனால் அதனால் தைராய்டு குறைவு வருவது தடைபட்டதாகவோ, நோயாளிகள் தெளிவாக நலமடைந்ததாகவோ காட்ட முடியவில்லை. எண் குறைவது மட்டுமே நன்மை என்றால் இன்னொரு தகவலும் சொல்லலாம்: புகை பிடிப்பவர்களிடம் ஆன்டி-டிபிஓ சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. அதற்காக யாரும் சிகரெட்டைப் பரிந்துரைப்பதில்லை. செலினியம் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறதென்று அதை வாங்கியவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

அயோடினில் குறைவும் தொல்லை, மிகையும் தொல்லை. ஏற்கெனவே ஆன்டிபாடி உள்ள சுரப்பி அதிக அயோடினைத் தாங்காது. கடல்பாசி மாத்திரைகள், "தைராய்டு சப்போர்ட்" என்று வரும் கலவைகள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அஸ்வகந்தா சாப்பிட்டுத் தைராய்டு மிகையானவர்கள் பற்றியும் மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அயோடின் உப்பை நிறுத்திக் கல்லுப்புக்கு மாறுவது தவறு. கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளெல்லாம் சமையலில் சேரும் 10 கிராம் உப்பில் அது 150 மைக்ரோகிராம், ஒரு பெரியவருக்குச் சரியாகத் தேவைப்படும் அளவு. கருத்தரிக்க நினைக்கும் பெண் அயோடின் உப்பை நிறுத்தினால் பாதிப்பு குழந்தையின் மூளைக்குப் போகும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி சாப்பிடலாமா? சமைத்து, வழக்கமான அளவில், தாராளமாக. கோதுமையை நிறுத்துவதால் பலன் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குத்தான். அந்தச் சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு பிறகு நிறுத்துங்கள். முன்னதாகவே நிறுத்திவிட்டால் பரிசோதனை பொய்யாக நார்மல் காட்டும்.

கர்ப்பம்: இங்கே மட்டும் கூடுதல் கவனம்

கர்ப்ப காலத்தில் தைராய்டு ஹார்மோனின் தேவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அம்மாவின் ஹார்மோனையே நம்பியிருக்கும். ஆன்டிபாடி உள்ள சுரப்பி சாதாரண நாட்களில் சமாளித்துவிடும். இந்தத் திடீர்த் தேவையைச் சமாளிக்கத் திணறலாம். கருத்தரிக்கும் முன் 2.1 இருந்த டிஎஸ்ஹெச் எட்டாவது வாரத்தில் 6-ஐத் தொடுவது இப்படித்தான்.

அதனால் ஆன்டி-டிபிஓ உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியானதும் பார்க்க வேண்டும். பிறகு கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இப்படித்தான் சொல்கிறது. டிஎஸ்ஹெச் 4-ஐத் தாண்டினால் மாத்திரை தொடங்குவார்கள். 2.5-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தால் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு மருத்துவரின் முடிவைப் பொறுத்தது. அதில் ஒருவருக்கொருவர் மாறுபடுவது தவறில்லை.

கருச்சிதைவும் குறைப்பிரசவமும் ஆன்டிபாடி உள்ளவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. அப்படியென்றால் டிஎஸ்ஹெச் நார்மலாக இருந்தாலும் மாத்திரை கொடுத்தால் கரு தங்குமா? நியாயமான கேள்வி. பிரிட்டனில் இதைச் சோதித்தார்கள். கருச்சிதைவோ குழந்தையின்மையோ இருந்த, ஆன்டி-டிபிஓ உள்ள, ஹார்மோன் நார்மலான 952 பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்கு 50 மைக்ரோகிராம் தைராக்ஸினும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். உயிருடன் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 37.4 சதவீதம், இரண்டாவதில் 37.9 சதவீதம். 2019-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும் பல இடங்களில் வழக்கமாக மாத்திரை எழுதப்படுகிறது. எழுதும் மருத்துவரிடம் "என் டிஎஸ்ஹெச் எவ்வளவு, எதற்காக மாத்திரை?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கரு கலைந்த ஒரு பெண்ணிடம் "உன் தைராய்டுதான் காரணம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். கர்ப்பத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் அடங்கியிருக்கும். ஆன்டிபாடி எண்ணும் இறங்கும். பிரசவமானதும் அது திரும்பி எழும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஆன்டி-டிபிஓ இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். முதல் சில மாதங்களில் சுரப்பி உடைந்து சேமித்த ஹார்மோன் கசிவதால் படபடப்பு, எடை குறைவு, எரிச்சல். அடுத்து, கையிருப்பு தீர்ந்து, தைராய்டு குறைவு. ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்குக் குறைவு நிலைத்துவிடும். கசியும் கட்டத்தில், ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மருந்து பயன்படாது, ஏனென்றால் சுரப்பி அதிகமாக உற்பத்தி செய்வதில்லை. கைக்குழந்தைக்காரி சோர்ந்து அழுதால் "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆன்டி-டிபிஓ உள்ளவர் என்றால் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் ஒரு டிஎஸ்ஹெச் எடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

வேறு சில சந்தர்ப்பங்கள்

இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன், மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம், இன்டர்ஃபெரான், புற்றுநோய்க்குத் தரும் இம்யூனோதெரபி மருந்துகள் ஆகியவை தைராய்டைத் தடுமாற வைக்கக் கூடியவை. ஆன்டிபாடி உள்ளவர்களில் இந்த ஆபத்து கூடுதல். அமியோடரோனின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நாள் தேவையைப் போல ஐந்நூறு மடங்கு. இவற்றில் எதையாவது தொடங்கும்போது ஆன்டி-டிபிஓ விவரத்தைச் சொல்லுங்கள். மருந்தை மறுக்க வேண்டாம், டிஎஸ்ஹெச்சை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்து ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, முன்கழுத்து வீங்கித் தெரிந்தாலோ எடுக்கலாம். வீக்கம் சில வாரங்களிலேயே வேகமாகப் பெரிதானால், குரல் கம்மினால், விழுங்கக் கஷ்டமானால், அதுவும் வயதானவர்களுக்கு என்றால், காத்திருக்காமல் போங்கள். சாதாரணமாக வருடாந்திரத் தேதிக்கு முன்பே டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டியவர்கள்: குளிர் தாங்க முடியாமல் போகிறவர்கள், மலச்சிக்கலும் குரல் கரகரப்பும் புதிதாக வந்தவர்கள், மாதவிடாய் திடீரென்று அதிகமானவர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் ஆன்டிபாடி எடுக்கவா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அம்மாவுக்கோ தங்கைக்கோ அறிகுறி இருந்தால், அல்லது கருத்தரிக்கத் திட்டமிட்டால், டிஎஸ்ஹெச் மட்டும் போதும்.

இந்த ரிப்போர்ட்டை ஃபைலில் வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் லேபுக்குப் போகும்போது கவுன்டரில் தைராய்டு புரொஃபைல், ஆன்டிபாடி பேக்கேஜ், ஆஃபர் என்று சொல்வார்கள். டிஎஸ்ஹெச் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.